சுங்கச்சாவடியை விட்டவரும் விடாதவரும்

ஆவூர் பெரியநாயகி மாதா கோயிலில் பாஸ்கா முடிந்து, தேரும் நிலைக்கு வந்துவிட்டது. ஓய்வுபெற்ற உபதேசியார் ஒருவரைப் பார்க்க, சிறு வயதில் அவரிடம் மறைக்கல்வி படித்த இளைஞன் வந்திருக்கிறான். ஆலங்குடிப் பக்கம் பெண்கள் குழுக்களுக்குக் கடன் கொடுத்து வசூலிக்கும் ஒரு நிறுவனத்தில் அவன் ஃபீல்டு ஆபீசர். விராலிமலையில் ஒரு தொழிற்சாலை ஸ்டோரில் அவனுக்கு வேலை கிடைத்திருக்கிறது. சம்பளம் மாதம் நாலாயிரம் ரூபாய் குறைவு.

சீடன்: ஐயா, நவநாள் வைத்தேன். வேதாகமத்தைத் திறந்து விரல் வைத்தும் பார்த்தேன். ஆண்டவர் போ என்கிறாரா, இரு என்கிறாரா, ஒன்றும் தெரியவில்லை.

குரு: சீட்டுப் போட்டுப் பார்ப்பது வேதத்திலேயே இருக்கிறது தம்பி. யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் தேர்ந்தெடுத்தது சீட்டுப் போட்டுத்தான். அது திருத்தூதர் பணிகள் முதல் அதிகாரம். இரண்டாம் அதிகாரத்தில் தூய ஆவியார் இறங்கி வருகிறார். அதற்குப் பிறகு அந்த நூலில் சீட்டு என்ற பேச்சே இல்லை. பதினைந்தாம் அதிகாரத்தில் பெரிய சிக்கல் ஒன்று வந்தபோது எருசலேமில் உட்கார்ந்து வாதாடினார்கள், ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்டார்கள், பிறகு முடிவெடுத்தார்கள். நாமும் பேசியே பார்ப்போம். ஏன் விட வேண்டும் என்று நினைக்கிறாய்?

சீடன்: 2018 நவம்பரில் கஜா புயல் வந்ததே, அதில் தென்னை அத்தனையும் இழந்த குடும்பம் ஒன்று. கன்று வைக்க வாங்கிய கடனை அடைக்க இன்னொரு கடன், அதை அடைக்க எங்கள் கடன். போன மாதம் டியூ நின்றுவிட்டது. பணம் வராமல் எழுந்து வராதே என்று மேனேஜர் சொன்னார். அந்த அம்மா வீட்டுத் திண்ணையில் இரவு எட்டரை மணி வரை உட்கார்ந்திருந்தேன். உள்ளே அவர் மகள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் தெருவில் யாரிடமோ கைமாற்று வாங்கிக் கொடுத்தார். எண்ணி வாங்கி ரசீது போட்டேன். அன்றிலிருந்து சரியாகத் தூக்கமில்லை.

குரு: அப்போதே ஏன் விடவில்லை?

சீடன்: வீட்டில் தங்கைக்கு நர்சிங் ஃபீஸ் இருக்கிறது. அது ஒன்று. இன்னொன்று, தியானத்தில் ஒரு சாமியார் புனித இஞ்ஞாசியார் சொன்னதைச் சொன்னார். மனம் வறண்டு இருண்டு கிடக்கும்போது எடுத்த முடிவை மாற்றாதே, முன்பு இருந்ததிலேயே உறுதியாக நில் என்று. இது அந்த வறட்சிதான், கடந்துவிடும் என்று பொறுத்துக்கொண்டேன்.

குரு: அவர் சொன்னது சரி. நீ எடுத்துக்கொண்டதில்தான் பிழை. இந்தக் கோயிலைத் தொடங்கியவர்கள் இஞ்ஞாசியாரின் சபையார். வீரமாமுனிவரும் இங்கே பணியாற்றியவர். அதனால் இந்த மண்ணில் இஞ்ஞாசியார் சொன்னதைப் பாதியில் விடக்கூடாது. ஆவிகளைப் பகுத்தறிய அவர் எழுதிய விதிகளில் நீ சொல்வது ஐந்தாவது. முதல் விதியையும் இரண்டாவது விதியையும் யாரும் உனக்குச் சொல்லவில்லையா?

சீடன்: இல்லை ஐயா.

குரு: ஒருவன் பாவத்தை நோக்கிச் சரிந்துகொண்டிருந்தால் தீய ஆவி அவனுக்கு இன்பம் காட்டும், ‘எல்லாம் சரிதான், உலகமே இப்படித்தான்’ என்று தட்டிக் கொடுக்கும். நல்ல ஆவிதான் அவனைக் குத்தும். நன்மையை நோக்கி ஏறுகிறவனுக்கு இது தலைகீழ். அவனைக் கலக்கித் தடுப்பது தீய ஆவி, தேற்றித் தைரியம் கொடுப்பது நல்ல ஆவி. ஆகவே தூக்கம் வரவில்லை என்பதை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது. எந்தப் பக்கம் நடந்துகொண்டிருந்தபோது தூக்கம் போனது? அதைத்தான் கேட்க வேண்டும்.

சீடன்: அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

குரு: ராத்திரி விழித்துக் கிடக்கும்போது உன் கண்முன் யார் வருகிறார்கள்?

சீடன்: அந்த அம்மா. சில நாள் அந்தப் பெண் பிள்ளை.

குரு: ‘எனக்கு ஏன் இந்த நிலைமை, என் படிப்பு என்ன, நான் செய்யும் வேலை என்ன’ என்று வந்திருந்தால், பொறு, இந்த மனநிலையில் எதையும் மாற்றாதே என்று நானும் சொல்லியிருப்பேன். அந்தத் துக்கம் உன்னையே சுற்றிச் சுற்றி வருகிறது. இது உன்னைத் திரும்பவும் அந்தத் திண்ணைக்கு அழைத்துப் போகிறது. நீ வறட்சி என்று நினைத்தது உன் மனசாட்சி வேலை செய்வது, தம்பி. அதைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லி இஞ்ஞாசியார் எழுதவில்லை.

சீடன்: அப்படியென்றால் விட்டுவிட வேண்டியதுதானே? மத்தேயு சுங்கச்சாவடியை விட்டு எழுந்து போனாரே.

குரு: எழுந்து போனார். ஆனால் லூக்கா நற்செய்தியை எடுத்துப் பார். வசூல்காரர்கள் அதில் பல இடத்தில் வருகிறார்கள். மூன்றை மட்டும் பார்ப்போம். மூன்றாம் அதிகாரத்தில் வரிதண்டுவோர் திருமுழுக்கு யோவானிடம் வந்து என்ன செய்யட்டும் என்று கேட்கிறார்கள். வேலையை விடு என்று அவர் சொல்லவில்லை. விதித்ததற்கு மேல் ஒரு காசும் வாங்காதே என்கிறார். ஐந்தாம் அதிகாரத்தில் லேவி, அதாவது மத்தேயு, எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போகிறார். பத்தொன்பதாம் அதிகாரத்தில் எரிகோவில் சக்கேயு. சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன், ஏமாற்றி வாங்கியிருந்தால் நான்கு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்கிறார். அவர் வேலையை விட்டார் என்று லூக்கா எங்கும் எழுதவில்லை. ஒரே தொழில், ஒரே நற்செய்தி. மூன்று பதில்.

சீடன்: மூன்றில் எனக்கு எது?

குரு: நீயே சொல்லிப் பார்.

சீடன்: சக்கேயு தலைவர். அவர் நினைத்தால் வசூல் முறையையே மாற்றலாம். எனக்கு மேலே மேனேஜர், அவருக்கு மேலே ஏரியா மேனேஜர், எல்லோருக்கும் மேலே டார்கெட். யோவான் சொன்னபடி விதித்ததை மட்டும் வாங்கு என்றால், விதித்ததை வாங்கத்தானே அன்று திண்ணையில் உட்கார்ந்தேன்?

குரு: நல்ல கேள்வி. அதிகத் தொகை நீ கேட்கவில்லை. ஆனால் விதி என்பது தொகை மட்டுமா? இப்படிப்பட்ட குறுங்கடனுக்கு ரிசர்வ் வங்கியின் விதி 2022 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது. கடனாளிக்குக் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பிறகும் ஃபோன்கூடச் செய்யக்கூடாது. மிரட்டக்கூடாது, உறவினரைத் தொல்லை செய்யக்கூடாது. எல்லாக் கடனுக்கும் சேர்த்து மாதத் தவணை குடும்ப வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. கட்டாய வசூலுக்கு எதிராக 2025-இல் தமிழ்நாடு தனிச் சட்டமே இயற்றியது. எட்டரை மணித் திண்ணை இதில் எங்கே வருகிறது?

சீடன்: எங்கேயும் வரவில்லை. ஆனால் ஐயா, நான் விட்டுப் போனால் என் இடத்துக்கு வருகிறவன் என்னைவிடக் கடுமையாக இருப்பான். நானாவது கெட்ட வார்த்தை பேசுவதில்லை.

குரு: நல்லவர்கள் பலரும் தப்பான இடத்தில் பல வருஷம் இருந்துவிடுவது இந்த ஒரு வாக்கியத்தால்தான். இதைப் பொய் என்று நான் தள்ளவில்லை. உண்மையாக இருந்தால் அதற்கு அடையாளம் இருக்க வேண்டும். நீ அங்கே இருப்பதால் இந்த மாதம் எந்தப் பெண்ணுக்கு என்ன நடக்காமல் போனது? ஒரு பெயர் சொல்.

சீடன்: (நெடுநேரம் கழித்து) சொல்ல முடியவில்லை.

குரு: சரி.

சீடன்: அழைக்கப்பட்ட நிலையிலேயே இரு என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினாரே. அதையும் நினைத்துப் பார்த்தேன்.

குரு: அடுத்த வரியிலேயே அடிமைகளிடம், விடுதலை பெற வாய்ப்பு வந்தால் பயன்படுத்திக்கொள் என்கிறார். அடிமையாகவே இருந்து பயன்படு என்று அதைப் படிப்பவர்களும் உண்டு. நான் விடுதலையின் பக்கம்தான் படிக்கிறேன். நம் மாவட்டத்திலேயே தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கல்குவாரியில் கூலிக்கு உடைத்த பெண்கள், குழுவாகச் சேர்ந்து அந்தக் குவாரிகளையே குத்தகைக்கு எடுத்தார்கள். கல்லும் சுத்தியலும் பழையவைதான். யாருக்கு அஞ்சி உடைக்கிறோம் என்பதுதான் மாறியது. பவுல் சொன்னதை எனக்கு விளங்கவைத்தவர்கள் அவர்கள்தான். இருக்கிற இடத்தில் இரு என்பது நிழலில் ஒதுங்கிக்கொள்வதற்காகச் சொன்னது அல்ல. எந்த வேலையில் இருந்தாலும் உனக்கு ஒரே ஆண்டவர்தான் என்பதற்காகச் சொன்னது. உன் டார்கெட் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டால் பவுலைத் துணைக்குக் கூப்பிடாதே.

சீடன்: ஸ்டோரில் பில் சரிபார்க்கிற வேலை. நாலாயிரம் குறைவு. ஆபீசர் என்ற பெயரும் போய்விடும். அப்பாவிடம் எப்படிச் சொல்வது?

குரு: அசரியா ஆயர் திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளைக்காரர். ஒய்.எம்.சி.ஏ.வில் செயலாளராக நாடு முழுதும் பெயர் பெற்றிருந்தார். 1909-இல் அதை விட்டுவிட்டு தோர்ணக்கல்லுக்குப் போய், தெலுங்கு கற்று ஊர் ஊராக நடந்தார். விட்ட வேலை கெட்ட வேலை இல்லை. நல்லதிலிருந்தும் கீழே இறங்கிப் போகிறவர்கள் உண்டு என்பதற்காகச் சொல்கிறேன். ஆனால் ஃபீஸ் உண்மையான ஃபீஸ். ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லி அதை உன் தங்கை தலையில் போடாதே. பவுல் கொரிந்தில் அக்கிலாவோடு கூடாரம் தைத்துத்தான் சாப்பிட்டார். இன்று ராத்திரியே நாலாயிரத்துக்கு அப்பாவோடு உட்கார்ந்து கணக்குப் போடு. அவருக்கும் மகனின் தூக்கம் போனது தெரிந்திருக்கும்.

சீடன்: அப்படியானால் விடலாம் என்கிறீர்கள்.

குரு: விடலாம். ஆனால் விட்டதும் கணக்குத் தீர்ந்தது என்று எண்ணாதே. சக்கேயுவைப் பற்றி இன்னும் பேசி முடிக்கவில்லை. அவர் இருந்தாரா போனாரா என்பதைவிட, யாரிடம் வாங்கினாரோ அவர்கள் பக்கம் முதலில் திரும்பினார். நீ விராலிமலைக்குப் போய்விட்டால் உனக்குத் தூக்கம் வரும். அந்த அம்மாவுக்கு?

சீடன்: அவருக்கு நான் என்ன செய்ய முடியும்? நான்கு மடங்கு கொடுக்க என்னிடம் பணமில்லை.

குரு: பணம் கேட்கவில்லை. அந்த ரிசர்வ் வங்கி விதிகள் குழுவில் யாருக்காவது தெரியுமா?

சீடன்: கடன் அட்டையில் வட்டி எவ்வளவு, புகாருக்கு எந்த நம்பர் என்பதெல்லாம் தமிழில் இருக்கிறது. மற்ற விதிகளை நாங்கள் எடுத்துச் சொல்வதில்லை.

குரு: 1991-இல் அறிவொளி இயக்கம் வந்தபோது இந்த மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் எழுத்துக் கற்றார்கள், சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். அவர்களின் மகள்கள்தாம் இன்று உன் அட்டையில் கையெழுத்துப் போடுகிறார்கள். படிக்கத் தெரிந்தவர்களிடம் படிக்கக் கொடுக்காமல் வைத்திருக்கிறீர்கள். அதைக் கொடுப்பதுதான் நீ திருப்பிக் கொடுக்க வேண்டியது.

சீடன்: அங்கே செவ்வாய்க்கிழமை சென்டர் மீட்டிங். எல்லோர் முன்னாலும் அதைப் படித்தால் மேனேஜருக்குத் தெரிந்துவிடும். உடனே வேலை போனாலும் போகும்.

குரு: போகலாம். விராலிமலையில் எப்போது சேரச் சொல்கிறார்கள்?

சீடன்: திங்கட்கிழமை. இரண்டு நாள் தள்ளிக் கேட்டால் கொடுப்பார்கள் என்று நினைக்கிறேன்.

குரு: கேள். புதன்கிழமை போய்ச் சேர். நாளைக்கு அந்த விதிகளைத் தமிழில் எழுதிக் கொண்டுவா. எங்கே கடினமாக இருக்கிறது என்று பார்த்து எளிமையாக்கித் தருகிறேன்.