யூகத்துக்கு விலை வைப்பது வியாபாரமா?

 



நம் மறைமலை நகர், பொத்தேரி பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் கேட்கும் ஒரு கேள்வி: "ஹஜ்ரத், மேட்சில் யார் ஜெயிப்பார் என்று ஆப்பில் பணம் போடுவது டிரேடிங்தானே? சூதாட்டம் எப்படி ஆகும்?"

கேள்வியில் நியாயம் இருப்பதுபோல் தெரியும். 'இந்த அணி ஜெயிக்குமா?' என்று ஆப் கேட்கிறது. 'ஆம்' 6 ரூபாய், 'இல்லை' 4 ரூபாய். சரியாகச் சொன்னவருக்கு 10 ரூபாய், தவறியவருக்கு ஒன்றுமில்லை. ஆறு ரூபாய் என்றால், ஜெயிக்க நூற்றுக்கு அறுபது வாய்ப்பு என்று பணம் போட்டவர்கள் கருதுகிறார்கள் எனப் பொருள். விக்கெட் விழுந்தால் 'ஆம்' மூன்றாக இறங்கும். இடையிலேயே விற்றும் விடலாம். பார்த்தால் பங்குச் சந்தை போலவே இருக்கிறது.

ஆனால் பங்கு வாங்கினால் ஒரு தொழிலில் உங்களுக்கு உரிமை கிடைக்கிறது. கடையில் அரிசி வாங்கினால் உங்களுக்கு அரிசி, கடைக்காரருக்குக் காசு. இங்கே கைமாறும் பொருள் எது? உங்கள் நான்கு ரூபாய் லாபம், முகம் தெரியாத ஒருவர் இழந்த நான்கு ரூபாய். நடுவில் கம்பெனி தன் கமிஷனை எடுத்துக்கொள்கிறது. வியாபாரத்திலும் நட்டம் உண்டு. அது சரக்கோடு வரும் நட்டம். இங்கே நட்டத்தையே சரக்காக்கி விற்கிறார்கள்.

"நான் கணக்குப் போட்டு, விஷயம் தெரிந்துதான் போடுகிறேன்" என்பார்கள். ரோமர்கள் மீண்டும் வெல்வார்கள் என்று வஹீ அறிவித்தபோது (30:2-4), அபூபக்கர் (ரலி) அவர்கள் மக்கா இணைவைப்பாளர்களிடம் பந்தயம் கட்டினார்கள். அதைவிட உறுதியான கணிப்பு எது? அது பந்தயம் தடை செய்யப்படுவதற்கு முன்பு நடந்தது என்கிறது திர்மிதீயின் அறிவிப்பு. பிறகு மார்க்கம் அந்த வாசலை மூடிவிட்டது. ஆக, கணிப்பு சரியாக இருப்பது பந்தயத்தை ஹலாலாக்காது.

2025 ஏப்ரலில் செபி இந்த ஆப்களைப் பற்றி எச்சரித்தது. அந்த ஆகஸ்டில் மத்திய அரசு பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்ய, புரோபோ போன்றவை பண ஆட்டத்தை நிறுத்தின. அமெரிக்காவிலோ கல்ஷி போன்ற தளங்களில் கல்லூரி மாணவர்கள் ஆடும் ஆட்டங்களுக்கும் விலை ஓடுகிறது. பந்தயத்தில் தோற்றவர்கள் அந்தப் பிள்ளைகளுக்கே வசையும் மிரட்டலும் அனுப்புகிறார்கள். சூதாட்டத்தின் மூலம் ஷைத்தான் பகைமையையும் வெறுப்பையும் மூட்டுகிறான் என்று அல்லாஹ் எச்சரித்தது (5:91) இதைத்தான்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறலாம். நம்மிடம் இருக்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: என் கைக்கு வரும் இந்தக் காசுக்கு நான் யாருக்கு என்ன கொடுத்தேன்?

'வா, சூதாடலாம்' என்று அழைத்தவரே தர்மம் செய்யட்டும் என்றார்கள் நபி (ஸல்) அவர்கள் (புகாரீ). அழைப்புக்கே பரிகாரம் என்றால், நண்பனுக்கு ரெஃபரல் லிங்க் அனுப்பும் விரல் யோசிக்க வேண்டாமா?

அல்லாஹ் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் ஹலாலான ரிஸ்கையும் அதில் பரக்கத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.