நாமா, நாங்களா?

தன்மைப் பன்மையைப் படிப்பிக்கும்போது மாணவரிடம் நான் வழமையாகச் சொல்வது இதுதான்: கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் 'நாம்', அவரை விலக்கிவிட்டால் 'நாங்கள்'. இருபது வருடமாகக் கரும்பலகையில் எழுதிவரும் இந்த இலக்கணம், ஒரு மலைப்பாதையில் என்னையே மடக்கும் என நான் நினைத்திருக்கவில்லை.

2019 டிசெம்பர் விடுமுறையில், கத்தாரில் தொழில்புரியும் என் தம்பி, நேபாளத்தில் எவரெஸ்ட் அடிவார முகாம்வரை செல்லும் 12 நாள் நடைப்பயணக் குழுவொன்றில் என்னையும் சேர்த்துவிட்டான். பயணிகள் பத்துப் பேர், வழிகாட்டி ஒருவர், சுமை தூக்க ஐந்து பேர். 2,800 மீற்றருக்கு மேலுள்ள லுக்லாவில் விமானத்தை விட்டிறங்கியதும், எங்கள் இருவரின் பைகளையும் ஒன்றாகக் கட்டி, 'நாம்லோ' எனும் பட்டியை நெற்றியில் கொடுத்து எழுந்தான் ஓர் இளைஞன். சுமை இருபத்தைந்து கிலோவாவது இருக்கும். என் முதுகிலோ தண்ணீர்ப் போத்தலும் மழைக்கோட்டும்தான்.

எனக்கு வாப்பாவின் ஞாபகம் வந்தது. கொழும்பு புறக்கோட்டையில் நாட்டாமியாக அரிசி மூடை சுமந்துதான் அவர் என்னை ஆசிரியர் கலாசாலைவரை அனுப்பினார்.

"என்ட பேக்கை நானே தூக்குறன்" என்றேன்.

"அப்ப அவன்ட கூலிய யாரு குடுக்கிற, நானா?" என்றான் தம்பி.

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. சுமையைப் பறித்தால் அவனுடைய அடுப்பல்லவா அணையும்! போதாததற்கு, நாம்சே ஏற்றத்தில் மூச்சு வாங்கியபோது என் நல்லெண்ணத்தின் நிறையும் தெரிந்துவிட்டது.

ஆனால், கூலியோடு கணக்கு முடிந்துவிடுமா?

சுமை தூக்குவோர் எல்லோரையும் ஷெர்பா என்றே பலர் எண்ணுகின்றனர். அவர்களுள் அநேகர் கீழ்மலைக் கிராமங்களிலிருந்து வரும் ராய், தமாங் இனத்தவர். உயரம் நம்மைப் போலவே அவர்களையும் வருத்தும். வழிகாட்டி ஒவ்வொரு மாலையும் எங்களுக்குத் தலையிடியா என விசாரிப்பார். அந்த இளைஞனிடம் நான் அதைக் கேட்டது ஐந்தாம் நாள், 4,410 மீற்றர் உயரத்து டிங்போச்சேயில்தான். எனது அரைகுறை ஹிந்திக்கு அவன் சிரித்தான். தன் மூத்தவரும் கத்தாரில் கூலிவேலை செய்வதாகச் சொன்னான். தம்பி அப்போதுதான் அவனை நிமிர்ந்து பார்த்தான்.

5,364 மீற்றர் உயரத்து அடிவார முகாமில் பத்துப் பேரும் படம் பிடித்துக்கொண்டோம். அவன் அதில் இல்லை. எங்கள் பைகளோடு கோரக்ஷெப் விடுதியில் நின்றுவிட்டான். திரும்பி வந்து அவனிடம் படத்தைக் காட்டி, ஆங்கிலத்தில் "வீ" போய்ச் சேர்ந்துவிட்டோம் என்றேன். அந்தச் சொல் எனக்குத் தப்பிக்க வழி தந்தது. தமிழென்றால் அவன் முகத்துக்கு நேரே நாமா, நாங்களா என ஒன்றைத் தெரிந்தாக வேண்டும்.

வாப்பாவின் முதலாளி கூலியைச் சதம் பிசகாமல் கொடுத்தவர். வாப்பா அதை மெச்சிச் சொல்வார். ஆனால், கடை வளர்ந்த கதையை முதலாளி சொன்னபோதெல்லாம் அதில் வாப்பா இருந்ததில்லை. கூலி சுமைக்கு உரியது. போய்ச்சேர்ந்த பெருமையில் சுமந்தவனுக்குள்ள பங்கை எந்தக் கூலியும் விலைக்கு வாங்கிவிடாது. அப்பங்கைக் கொடுக்க நமக்குப் பணம் வேண்டியதில்லை. கதையில் அவனுக்கோர் இடம் விட்டால் போதும்.

இப்போது வகுப்பில் உதாரணத்தை மாற்றிவிட்டேன். 'நாம் மலை ஏறினோம்' என்று எழுதுகிறேன். "யாரிட்டச் சொல்றீங்க சேர்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். நெற்றியில் பட்டி மாட்டிய அந்த இளைஞனிலிருந்து கதையைத் தொடங்குவேன்.