கொர்பான் என்று சொல்லிவிட்டேன்



ஞாயிறு ஆராதனையில் காணிக்கைப் பை நம் வரிசைக்கு வருகிறது. சட்டைப் பையில் கை விடுகிறோம், போடுகிறோம், பை போய்விடுகிறது. காணிக்கை, பலி, பொருத்தனை என்கிற வார்த்தைகளுக்கு என்ன அர்த்தம் என்று நான் வருஷக்கணக்காய் யோசித்ததே இல்லை. யோசிக்க வைத்தது என் தாயாரின் கண்.

1996-ம் வருஷம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் சபை அப்போது ஓலைக் கொட்டகை. கூரை போட வேண்டும் என்று உபவாச ஜெபம் வைத்தார்கள். நான் எழுந்து நின்று, "இந்தத் தீபாவளி போனஸ் 3,000 ரூபாயும் கர்த்தருக்கு" என்று பொருத்தனை பண்ணினேன். எல்லாரும் அல்லேலூயா என்றார்கள். ஒளிக்காமல் சொல்கிறேன், அது என் காதுக்கு இனிப்பாய்த்தான் இருந்தது.

அம்மா பூந்தமல்லியில் என் தங்கை வீட்டில் இருந்தார்கள். பூ கட்டி விற்கிற கை. இரண்டு கண்ணிலும் புரை விழுந்துவிட்டது. "கைதான்டா கட்டுது, கண்ணு கட்டல" என்று சிரிப்பார்கள். ஆபரேஷனுக்கும் லென்சுக்கும் பணம் வேண்டும். "போனஸ் வந்தா பாக்கலாமா?" என்று கேட்டார்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அது கர்த்தருக்கு நேர்ந்த பணம்மா. அதுல கை வைக்கக் கூடாது."

அம்மா மறுபேச்சு பேசவில்லை. "சாமி காசை நான் கேப்பனாப்பா" என்று சொல்லிவிட்டு நாரைத் தடவித் தடவித் தேடினார்கள்.

அந்த வாரம் வேதத்தில் எனக்கு முறைப்படி வந்த அதிகாரம் மாற்கு 7. பதினோராம் வசனத்தில் கொர்பான் என்று ஒரு வார்த்தை. பத்துத் தரம் வாசித்துக் கடந்துபோன வார்த்தைதான். தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதை "இது தேவனுக்கு நேர்ந்தது" என்று சொல்லிக் கைகழுவுகிறவனைப் பற்றி ஆண்டவர் பேசுகிறார். பரிசேயன் வாயிலிருந்த வார்த்தையை நான் பூந்தமல்லியில் தமிழில் சொல்லியிருக்கிறேன்! அன்றிரவு எனக்குத் தூக்கம் இல்லை.

பிறகு பாஸ்டர் ஐயாவிடம் வேத அகராதி வாங்கிப் படித்தேன். கொர்பான் என்பது எபிரெயச் சொல். அதன் வேர், கிட்ட வருதல். லேவியராகமம் 1:2-ல் நாம் பலி என்று வாசிக்கிற இடத்தில் எபிரெயத்தில் நிற்பது இந்த வார்த்தைதான். தேவனுக்குக் கிட்ட கொண்டுவருவது. கொண்டுவருகிறவனும் கிட்ட வருகிறான். என் பக்கத்து லேத்தில் நின்ற மலையாளி சகோதரர் ஞாயிறு ஆராதனையைக் குர்பானா என்பார். ஆவடியில் பக்ரீத் அன்று அண்டை வீட்டார் குர்பானி என்பார்கள். எல்லாம் அந்த ஒரே வேர்தான்.

கிட்ட வருகிற இந்த வார்த்தையை மனுஷர் தடுப்புச் சுவராக்கிவிட்டார்கள். எருசலேம் அருகே, ஆண்டவர் வாழ்ந்த காலத்தை ஒட்டிய ஒரு எலும்புப் பெட்டியின் மூடி கிடைத்திருக்கிறது. இதற்குள் இருப்பதில் லாபம் தேடுகிறவனுக்கு அது தேவனுக்கென்று கொர்பான் என்ற கருத்தில் அதிலே அரமாயிக்கில் எழுதியிருக்கிறது. தொடாதே என்பதற்குப் பூட்டு மாதிரி அந்த வார்த்தை. நானும் அப்படித்தான் பூட்டினேன்.

நம் தமிழ் வேதத்தின் கதையையும் கொஞ்சம் சொல்கிறேன். சீகன்பால்கு ஐயர் தரங்கம்பாடியில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தது 1715-ல். பிறகு நம் சென்னை வேப்பேரியிலேயே இருந்து உழைத்தவர் பெப்ரிஷியஸ் ஐயர். பவர் ஐயர் குழுவின் திருப்புதல் 1871-ல் வந்தது. இவர்கள் புது வார்த்தை உண்டாக்கவில்லை, ஜனங்கள் வாயிலிருந்ததையே எடுத்தார்கள். பலி வடமொழியிலிருந்து வந்து சங்க நூல்களிலேயே இருக்கிற சொல். இன்றைக்குப் பத்திரிகையில் "லாரி மோதி இருவர் பலி" என்று பார்த்துப் பார்த்து, பலி என்றால் சாவு என்று நம் காது பழகிவிட்டது. பழைய தமிழில் படைக்கிற அரிசியும் பலிதான். அதனால்தான் மாவும் எண்ணெயும் வைக்கிற போஜனபலிக்கும் அந்தப் பெயர் பொருந்துகிறது.

காணிக்கை என்ற சொல்லுக்கு நான் அகராதி பார்க்கவில்லை. அம்மா சொன்னார்கள்: "பெரியவங்களக் காணப் போறப்ப வெறுங்கையோட போவாங்களா? ரெண்டு எலுமிச்சம்பழமாச்சும் கொண்டுபோறதுதான் காணிக்கை." சாஸ்திரிகளும் பிள்ளையைக் காணத்தான் பொன்னும் தூபவர்க்கமும் வெள்ளைப்போளமும் கொண்டுவந்தார்கள். மத்தேயு 2:11-ல் வருகிற கிரேக்கச் சொல் தோரோன். கொர்பானுக்கு மாற்கு கொடுக்கிற அர்த்தமும் அதே தோரோன். பலிபீடத்தண்டையில் வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போய் ஒப்புரவாகு என்று ஆண்டவர் சொன்ன மத்தேயு 5:23, 24-லும் அதே சொல்தான். கொண்டுவந்த கையோடு திரும்பிப் போகச் சொல்லுகிறார், பாருங்கள்.

பாஸ்டர் ஐயாவிடம் போய் அழுதேன். அவர் உபாகமம் 23:21-ஐத் திறந்தார். "பிரதர், பொருத்தனை பொருத்தனைதான். செலுத்தணும். ஆனா அம்மா கண்ணைப் பிடுங்கிப் பையில போடாதீங்க. முதல்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. கூரை கொஞ்சம் லேட்டா ஏறும், அவ்வளவுதானே."

இதை வாசித்துவிட்டு, பை வரும்போதெல்லாம் வீட்டுச் செலவைச் சொல்லித் தப்பிக்கிறவர்களும் உண்டு. அவர்களுக்கு நான் எழுதவில்லை. பெற்றவள் மருந்துச் சீட்டை மடித்து வைத்துக்கொண்டு உன் முகத்தைப் பார்க்கிறாளே தம்பி, உனக்குத்தான் எழுதுகிறேன். இந்த ஞாயிறு பஸ் ஏறிப் போய் அவளைப் பார்.

ஒரு கண் டிசம்பரில், மறு கண் அடுத்த கோடையில். கட்டுப் பிரித்த அன்று அம்மா என்னைப் பார்த்து, "இவ்வளவு எளைச்சிட்டியாடா" என்றார்கள். 1997 ஜனவரியிலிருந்து மாதம் 100 ரூபாயாகப் பொருத்தனையைச் செலுத்தினேன். பூந்தமல்லிக்குப் போகும்போதெல்லாம், "சாமி கடன் எவ்ளோடா பாக்கி?" என்று கேட்பார்கள். 1999 ஜூனில் கடைசி நூறு. அதிலே 20 ரூபாய் அம்மா பூ விற்ற காசு.