புறங்கூறலும் முறையீடும்

சில ஆண்டுகளுக்கு முன்னர், நான்காம் படிவ வகுப்பில் புறங்கூறாமை பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். ஒருவர் இல்லாதவிடத்து அவரைப் பற்றிப் பேசுதல் இழிவு என்று விளக்கி முடிக்கும் வேளையில், பின்வரிசையிலிருந்து மாணவி ஒருத்தி எழுந்தாள்.

"ஐயா, எங்கள் தாமானில் ஒரு வீட்டில் இந்தோனேசிய அக்கா ஒருவர் வேலை செய்கிறார். அவர் தனியே வெளியே வந்து நான் பார்த்ததில்லை. குப்பை போட வரும்போதுகூட வீட்டுக்கார அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் வேலிக்கு அப்பால் நின்று என்னிடம் சோறு கேட்டார். இதை நான் யாரிடமாவது சொன்னால், அது புறங்கூறுவது ஆகுமா?"

வகுப்பு சிரித்தது. நானும் புன்னகைத்து, "அது பிறர் வீட்டு விவகாரம், பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று கூறிப் பாடத்தைத் தொடர்ந்தேன். பள்ளி விடுமுறை கழிந்து வந்தபோது, அந்த அக்கா இப்போது அவ்வீட்டில் இல்லை என்றாள் அவள். எங்கே போனார் என்று எவருக்கும் தெரியவில்லை. அவள் கேட்ட கேள்விக்கு இன்று எழுதும் விடை காலங்கடந்ததே, எனினும் எழுதுகிறேன்.

புறங்கூறுவோன் நாடுவது தன் இன்பத்தை. கேட்பவனாலும் எதுவும் ஆவதில்லை. பேச்சு பேச்சாகவே சுற்றி வருகிறது. முறையீடோ, பேச இயலாத ஒருவருக்காக, செயலாற்ற வல்லவரிடம் சென்று சொல்வது. இரண்டும் ஒருவர் இல்லாதவிடத்துப் பேசுவனவே ஆதலால், வெளித்தோற்றத்தில் மயக்கம் தருகின்றன. கண்ணகி நீதி கேட்டாள் என்று வகுப்புதோறும் பெருமிதத்தோடு சொல்கிறோம். அவளால் அரண்மனை வாயில்வரை நடந்து செல்ல முடிந்தது. பூட்டிய கதவுக்குள் இருப்பவளால் அதுவும் இயலாது. அவளுக்காக நடக்க வேண்டியவர் யார் என்பதே கேள்வி.

மனித வணிகம் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது எல்லைப்புறக் காடுதான். 2015ஆம் ஆண்டு பெர்லிஸ் மாநிலத்து வாங் கெலியான் அருகே புதைகுழிகள் கண்டெடுக்கப்பட்டபோது நாடே நடுங்கியது. ஆனால் அக்கொடுமை காட்டில் மட்டும் நிகழ்வதன்று. ஒருவரை ஏமாற்றியோ அச்சுறுத்தியோ கொண்டுவந்து, அடைத்துவைத்து, அவர் உழைப்பையோ உடலையோ சுரண்டுதல் எங்கு நிகழினும் அது இவ்வகைக் குற்றமே. நம் நாட்டில் இதற்கெனத் தனிச் சட்டம் 2007இல் இயற்றப்பட்டது. சுரண்டப்படுவோர் அயல்நாட்டார் மட்டுமே என்றும் எண்ண வேண்டா. 2022ஆம் ஆண்டு, பேராக் மாநிலத்தைச் சேர்ந்த ஆசிரியப் பயிற்சி மாணவர் ஒருவர் தாய்லாந்துக்கு ஈர்த்துச் செல்லப்பட்டு, அங்கேயே உயிரிழந்தார். நம் வகுப்பறையில் நின்று கற்பிக்க வேண்டிய பிள்ளை அவர்.

நமக்கு இது புதிய கதையுமன்று. கங்காணி தந்த முன்பணத்தில் கப்பலேறி, அக்கடனைத் தீர்க்கவே பால்மரம் சீவியவர்கள் நம் பாட்டன்மார். ஒப்பந்தக் கூலி முறை மலாயாவில் 1910இல் ஒழிக்கப்படும்வரை, தோட்டத்தை விட்டு ஓடுவதே தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. ஜப்பானியர் ஆட்சியில் நல்ல கூலி தருவதாகச் சொல்லிச் சயாம் இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டவர்களுள் மீளாதோர் எத்தனையோ ஆயிரம். அவர்தம் பேரப்பிள்ளைகளாகிய நம்மிற் சிலர், இன்று பணிப்பெண்ணின் கடப்பிதழை வாங்கி அலமாரியில் பூட்டிவைத்து, "ஓடிவிடுவாள்" என்று காரணம் சொல்கிறோம். பிறர் கடப்பிதழை அவ்வாறு வைத்திருத்தல் 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டத்தின்படி குற்றம் என்பது பலருக்குத் தெரியாது, தெரிந்தோரும் பொருட்படுத்துவதில்லை.

அந்தப் பூட்டிய அலமாரி ஓர் அடையாளம். கேள்வி அவரிடம் கேட்கப்பட, விடை முதலாளியிடமிருந்து வருவது மற்றொன்று. ஊதியம் முழுவதும் 'கடனுக்கு' என்று பிடிக்கப்படுதல், ஓய்வுநாள் இன்மை, தாம் வாழும் இடத்தின் முகவரியே அறியாமை, ஆறாத காயம் ஆகியனவும் அத்தகையனவே. இவற்றுள் ஒன்றைக் கண்டவுடன் குற்றம் என்று தீர்ப்பளித்தல் ஆகாது. தீர்ப்பளிப்பது நம் பணியன்று. கண்டதைக் கண்டவாறு சொல்வதே நம் பணி.

இங்கே ஒரு முள் இருக்கிறது. "யாரிடமும் சொல்லாதீர்கள், ஊரில் என் கடன் இருக்கிறது, பிள்ளை இருக்கிறது" என்று அவரே கெஞ்சினால் என் செய்வது? அவர் ஒப்புக்கொண்டார் என்று சுரண்டியவன் கூறுவதை நம் சட்டம் ஏற்பதில்லை. ஆயினும் சட்டத்தின் விடை மனச்சான்றுக்குப் போதவில்லை. அவருடைய அச்சம் பொய்யன்று. ஆவணமற்ற அந்நியர் என்று பிடிபட்டால், அவர் செல்லும் இடம் தடுப்பு முகாம். நானும் இதனை நெடுநாள் எண்ணிப் பார்த்தேன். அச்சத்தை மதித்தல் வேறு, அச்சத்தை ஊட்டியவனுக்குத் துணைபோதல் வேறு. நம் மௌனத்தால் பயனடைபவன் இரண்டாமவனே. ஆகவே சொல்லத்தான் வேண்டும்; எவ்வாறு சொல்வது என்பதிலேதான் நம் அறம் இருக்கிறது. பிறர்க்குத் தீங்கு பயவாத சொல்லையே வாய்மை என வகுத்த வள்ளுவர் இவ்விடத்து நமக்கு வழிகாட்டுகிறார்.

"இங்கே பெர்மிட் இல்லாதவள் ஒருத்தி இருக்கிறாள்" என்று சொன்னால் அவர் குற்றவாளி ஆகிறார். "இங்கே ஒருவரை வெளியே விடாமல் அடைத்துவைத்திருக்கிறார்கள், பசியால் சோறு கேட்டார்" என்று சொன்னால் அவர் காக்கப்பட வேண்டியவர் ஆகிறார். மனித வணிகத்துக்கு ஆளானவர் என்று அறியப்படுபவரைச் சட்டவிரோதமாக நுழைந்தமைக்காகத் தண்டித்தலாகாது என்பதும் அதே சட்டத்தில் உண்டு. சொல்லும் முதல் வாக்கியத்தில் இத்துணை வேறுபாடு தங்கியிருக்கிறது. மொழி கற்பிக்கும் நமக்கு இது விளங்காதா?

வீட்டுக்காரரிடம் நேரே சென்று சண்டையிடுதல் வீரமன்று. இரவோடு இரவாக அப்பெண் வேறிடத்துக்கு மாற்றப்படுவார். அந்த அக்காவுக்கும் அவ்வாறே நேர்ந்ததோ என்று நான் அஞ்சுவதுண்டு. படமெடுத்து ஊரெங்கும் பரப்புவதும் அவருக்கே கேடாய் முடியும். நாள், நேரம், வீட்டு எண், கண்டது, கேட்டது ஆகியவற்றைத் தாளில் குறித்துக்கொண்டு, உயிருக்கு உடனடி ஆபத்தெனின் 999க்கும், பிறவற்றைக் காவல் நிலையத்துக்கோ தொழிலாளர் இலாகாவுக்கோ தெரிவிக்கலாம். தயங்குவோர் தெனாகானித்தா போன்ற தொண்டு அமைப்பின் வழியாகவும் சொல்லலாம். அவ்வமைப்பை நிறுவியவருள் முதன்மையான ஐரின் பெர்னாண்டஸ், தடுப்பு முகாம்களின் நிலை குறித்து எழுதியதற்காக 2003இல் சிறைத்தண்டனை விதிக்கப்பெற்று, 2008இல்தான் விடுவிக்கப்பட்டார். சொல்வதற்கு விலை இல்லை என்று நான் கூறமாட்டேன். மாணவராயின், அவ்விலையைத் தனியே சுமக்க விடலாகாது. ஆசிரியரே முன்னின்று சொல்லவேண்டும்.

2018 பிப்ரவரியில், புக்கிட் மெர்தாஜாமில் வீட்டு முன்றிலில் நாயோடு உறங்கிய இந்தோனேசியப் பணிப்பெண் ஒருவர், அக்கம்பக்கத்தார் தகவல் தந்தபின் மீட்கப்பட்டார். மறுநாளே மருத்துவமனையில் இறந்தார். கொலைக் குற்றம் சாட்டப்பட்ட முதலாளியம்மாவின் விடுதலையை 2022இல் கூட்டரசு நீதிமன்றமும் உறுதிசெய்தது. அந்த அயலார் என்னினும் மேலானவர்கள், அவர்கள் சொன்னார்கள். சில வாரங்கள் முந்தியிருந்தால் என்ற எண்ணம் அவர்களுக்கும் இருக்கக்கூடும்.

அம்மாணவியை அண்மையில் ஒரு திருமண மண்டபத்தில் கண்டேன். என்னைக் கண்டதும், "ஐயா, நலமா?" என்றாள். அவள் அக்கேள்வியை மறந்திருந்தாளோ, இல்லையோ, நான் நினைவூட்டினேன். "அது புறங்கூறுவது ஆகாது, அம்மா" என்றேன். அவள் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்த அக்காவின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை, ஐயா" என்றாள்.