முதலில் பதவி, பிறகு பேச்சா?

புதிதாக ஒரு பொறுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு நம் வீடுகளில் தவறாமல் கிடைக்கும் புத்திமதி ஒன்று உண்டு: “முதல்ல காலை ஊன்றிக்கோ, நியாயம் எல்லாம் அப்புறம் பேசலாம்.” அக்கறையில் சொல்வதுதான். ஆனால் அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அமெரிக்காவின் ஜூலியன் பாண்ட் நினைவுக்கு வருகிறார்.

1965 ஜூனில் ஜார்ஜியா மாநிலச் சட்டசபைக்கு, அட்லாண்டாவின் 136வது தொகுதியிலிருந்து அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்போது வயது 25. வாக்குகள் 2,320, எதிர்த்து நின்றவருக்கு 487. தொகுதியில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். சிவில் உரிமைகளுக்காகப் போராடிய ஒரு மாணவர் அமைப்பின் செய்தித் தொடர்பாளராகவும் அவர் இருந்தார்.

பதவியேற்புக்குச் சில நாள் முன்பு, அலபாமாவில் ஒரு கறுப்பின இளைஞர் சுட்டுக் கொல்லப்பட்டார். கடற்படையில் பணியாற்றியவர், பெட்ரோல் நிலையத்தில் வெள்ளையருக்கென்று ஒதுக்கிய கழிப்பறையைக் கேட்டதில் வந்த தகராறு. பாண்டின் அமைப்பு கொதித்தது. 1966 ஜனவரி 6 அன்று, அந்தக் கொலையையும் சுட்டிக்காட்டி, வியட்நாம் போரைக் கண்டித்து அறிக்கை விட்டது. அந்த அறிக்கையை எழுதியதில் பாண்டுக்குப் பங்கில்லை. வானொலி நிருபர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, இதை ஏற்கிறீர்களா என்று கேட்டார். ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லி அவர் எளிதாகத் தப்பியிருக்கலாம். ஏற்கிறேன் என்றார்.

ஜனவரி 10. மற்றவர்கள் பதவிப் பிரமாணம் எடுக்க, அந்தப் பதிலுக்காக அவர் மட்டும் ஒதுங்கி நிற்க வேண்டியதாயிற்று. அன்றே விசாரணை. வானொலிப் பேட்டியின் ஒலிநாடாவைப் போட்டுக் கேட்டார்கள். ராணுவ அழைப்பு அட்டையை எரிப்பவர்களை ஆதரிக்கிறாயா என்று மடக்கினார்கள். விளைவு தெரிந்தும் எரிப்பவர்களின் துணிச்சலை மதிக்கிறேன், ஆனால் எரிக்கச் சொல்லி யாருக்கும் யோசனை கூறவில்லை, என் அட்டை இதோ சட்டைப் பையில் இருக்கிறது, வேண்டுமானால் காட்டுகிறேன் என்கிற விதமாகப் பதில் சொன்னார். இந்த இடத்தில்தான் எனக்கு அவர் மீது மதிப்புக் கூடுகிறது. சொல்லாததைத் தன் தலையில் ஏற்றிக்கொள்ளவில்லை. சொன்னதிலிருந்து ஓரடி பின்வாங்கவும் இல்லை. வீம்புக்கும் உறுதிக்கும் உள்ள வித்தியாசம் இதுதான் என்று நினைக்கிறேன். வீம்பு பிடித்தவர் கேட்ட கேள்விக்கெல்லாம் ஆமாம் என்பார்.

184க்கு 12 என்ற வாக்கில் அவருக்கு இடம் மறுக்கப்பட்டது. 1868இல் கறுப்பின உறுப்பினர்களை நிறத்தைக் காரணம் காட்டி வெளியேற்றிய அதே ஜார்ஜியா.

தொகுதி மக்கள் என்ன பாவம் செய்தார்கள், இவர் கொள்கைக்காக அவர்களின் குரல் ஏன் அடைபட வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு அந்த மக்களே பதில் சொன்னார்கள். காலியான இடத்துக்கு இடைத்தேர்தல் நடந்தது. மறுபடி அவரையே பெருவாரியாகத் தேர்ந்தெடுத்தார்கள். சபையின் குழு மீண்டும் கூப்பிட்டு, பேச்சைத் திரும்பப் பெறுகிறாயா என்றது. மறுத்தார். மறுபடியும் கதவை அடைத்தார்கள். நவம்பர் பொதுத்தேர்தலில் மக்கள் மூன்றாம் முறையாக அவரையே அனுப்பினார்கள்.

இடம் மறுக்கப்பட்டதை எதிர்த்து அவர் தொடுத்து, கீழ் நீதிமன்றத்தில் தோற்ற வழக்கை, 1966 டிசம்பர் 5 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவருக்குச் சாதகமாகத் தீர்த்தது. சர்ச்சைக்குரிய விஷயங்களில் தன் நிலையைச் சொல்வது மக்கள் பிரதிநிதியின் கடமை, அப்போதுதான் வாக்காளர்களுக்கு அவரை எடைபோட முடியும் என்பது தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் எழுதிய தீர்ப்பின் சாரம்.

நாற்காலிக்காக முதல் நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால், அதைக் காப்பாற்ற அடுத்த நாளும் மூட வேண்டியிருந்திருக்கும். காலை ஊன்றிய பிறகு பேசுவதாகச் சொன்னவர்களில் எத்தனை பேர் பேசினார்கள் என்று உங்கள் ஊரிலேயே எண்ணிப் பாருங்கள். நாளை உங்கள் வீட்டிலிருந்து ஒரு பிள்ளை பொறுப்புக்குப் போனால், தயவுசெய்து அந்தப் பழைய புத்திமதியைச் சொல்லி அனுப்பாதீர்கள். பாண்ட் 1967 ஜனவரியில் பதவியேற்றார். கீழவையிலும் மேலவையிலுமாக 20 ஆண்டுகள் பணியாற்றினார்.