துணையைத் தேடிச் சென்றவரும் வேலை தேடும் உதவித்தொகையும்

வேலையிழந்தவர் யார்? எளிய வினாவாகவே தோன்றும். நேற்றுவரை ஊதியம் பெற்று, இன்று பெறாதிருப்பவரை வேலையிழந்தவர் என்று உலக வழக்கில் சொல்லிவிடுகிறோம். சட்டம் அவ்வாறு சொல்வதில்லை. வேலை போயிருக்க வேண்டும். அதுவும் அவருடைய விருப்பத்தால் போயிருத்தல் ஆகாது. உழைக்கும் ஆற்றலும், கிடைத்த வேலையை ஏற்கும் ஆயத்தமும், இடைவிடாது தேடும் முயற்சியும் அவரிடம் இருக்க வேண்டும். இந்த இலக்கணத்துள் முழுதும் அடங்காத ஒருவரைப் பற்றியே ஈண்டு ஆராய எண்ணுகிறேன்.

பினாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஆறு ஆண்டுகள் உழைத்த பெண் ஒருத்தியை மனத்தில் கொள்வோம். கணவன் சிங்கப்பூரில் பணிபுரிகிறான். ஆட்குறைப்பில் அவள் வேலை போய்விடுகிறது. வேலை காப்புறுதித் திட்டத்தின்கீழ் விண்ணப்பிக்கிறாள்; உதவித்தொகை வருகிறது. இரண்டாம் மாதம் வீட்டைக் காலிசெய்துவிட்டுக் கணவனிடம் சென்றுவிடுகிறாள். சென்ற பின்னும் பினாங்கில் வேலை தேடிக்கொண்டிருப்பதாகவே பதிந்து, எஞ்சிய மாதங்களின் தொகையையும் பெறுகிறாள். அவள் செய்தது தவறா?

இவ்வினாவை வகுப்பில் எழுப்பிப் பாருங்கள். முதலில் எழும் விடை, "அது அவள் கட்டிய பணந்தானே?" என்பதாகவே இருக்கும். மாணவர் மட்டுமல்லர், படித்த பெரியோரும் இதையே சொல்வர். இந்த விடையில் ஒரு மயக்கம் இருக்கிறது. நம் நாட்டில் 1951ஆம் ஆண்டு முதல் ஊழியர் சேமநிதி இருந்து வருகிறது. அதில் நம் பெயரில் கணக்கு உண்டு. போட்ட பணமும் அதன் ஈவும் நம்முடையவை. அந்தப் பழக்கத்தால், ஊதியத்தில் பிடிக்கப்படும் ஒவ்வொரு காசும் நம் பெயரிலேயே எங்கோ சேர்ந்துகொண்டிருக்கிறது என்று எண்ணிவிடுகிறோம்.

காப்புறுதி அத்தகையதன்று. 2017ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, தொழிலாளியும் முதலாளியும் ஊதியத்தில் தலைக்கு 0.2 விழுக்காடு செலுத்துகின்றனர். மாதம் 3,000 ரிங்கிட் வாங்கும் ஒருவர் கட்டுவது ஏறத்தாழ 6 ரிங்கிட். ஆறு ஆண்டுகளில் அவர் பங்கு 432 ரிங்கிட். முதலாளியின் பங்கையும் கூட்டினால் 864. வேலை போனால் அவருக்குக் கிடைப்பதோ முதல் மாதம் ஊதியத்தில் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50, அடுத்த இரு மாதங்களுக்கும் 40, அதற்கடுத்த இரு மாதங்களுக்கும் 30. ஆறு மாதமும் பெற்றால் ஏறத்தாழ 8,100 ரிங்கிட். இந்த வேறுபாட்டை நிரப்பியவர் யார்? வேலை போகாமல் மாதந்தோறும் ஆறு ரிங்கிட் கட்டிக்கொண்டிருக்கும் முகமறியாத மற்றவர்களே. அவர்கள் ஒரு நிபந்தனையோடு கட்டினர். அந்த நிபந்தனையை மறைத்துப் பெறும் தொகையை "என் பணம்" என்று சொல்லல் பொருந்தாது.

இவ்வளவு கண்டிப்பாகச் சொன்ன பிறகு, அவள் பக்கமும் நின்று பார்க்க வேண்டும். அவள் வேலைக்குத் தகுதியற்றவள் ஆகிவிடவில்லை, சோம்பியிருக்கவும் இல்லை. கணவனோடு வாழப் போனாள், அது குற்றமா?

இன்னும் ஒரு படி மேலே செல்வோம். ஆட்குறைப்பு நேராமல், கணவனோடு வாழ்வதற்காக அவளே வேலையை விட்டிருந்தால்? நம் சட்டப்படி ஒரு காசும் கிடைத்திராது. பணியிடத்தில் பாலியல் தொல்லை போன்ற சில காரணங்களுக்காக விலகுவோர் நீங்கலாக, தாமே விலகியோர்க்கு இத்திட்டத்தில் இடமில்லை. இந்தக் கருத்துக்கு வயது நூற்றுக்கு மேல். பிரிட்டனில் 1911ஆம் ஆண்டுச் சட்டம் வேலையின்மைக் காப்புறுதியைத் தொடங்கியபோதே, தக்க காரணமின்றித் தாமாக விலகியவர்க்கு ஆறு வாரம் தொகையை நிறுத்தியது. "தக்க காரணம்" என்ற சொற்களில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. ஜெர்மனியில் தானே விலகியவர்க்குப் பன்னிரண்டு வாரத் தடை உண்டு. ஆயினும் வாழ்க்கைத் துணையோடு சேர்ந்து வாழ இடம்பெயர்வதை முக்கியக் காரணமாக ஏற்று, அத்தடையை நீக்குவதுண்டு. பிரான்சில், புதிய வேலையின் பொருட்டு இடம் மாறும் துணையைப் பின்தொடர்வது நியாயமான பணிவிலகல்களுள் ஒன்று. மனிதன் தனி மரம் அல்லன் என்பதை அச்சட்டங்கள் ஓரளவேனும் உணர்ந்திருக்கின்றன.

நம் சட்டம் தொழிலாளியைத் தனி ஆளாகவே காண்கிறது. யார் வேலையை விட்டு யாரைப் பின்தொடர்கிறார்? பெரும்பாலும் மனைவிதான். "விருப்பத்தால் விலகினாள்" என்று ஏட்டில் எழுதப்படும் விருப்பத்தில் அவளுடைய பங்கு எவ்வளவு என்பதை எந்த ஏடும் கேட்பதில்லை.

நம் முன்னோர்க்கு இது புதிய துயரம் அன்று. 1930ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ரப்பர் விலை வீழ்ந்து வேலை போனபோது, தோட்டத் தமிழர் பல்லாயிரவர்க்கு மலாயா தந்தது உதவித்தொகை அன்று. ஊர் திரும்பும் கப்பற்பயணம். பின்னர் 1968ஆம் ஆண்டின் சட்டம் குடியுரிமை பெறாதோர்க்கு வேலை அனுமதிச் சீட்டைக் கட்டாயமாக்கியபோதும் பலர் தமிழகம் திரும்ப நேர்ந்தது. கணவன் ஒரு கரையிலும் மனைவி மறு கரையிலுமாகக் குடும்பங்கள் பிரிந்தன. உரிமை ஓரிடத்திலும் உறவு வேறிடத்திலுமாக இருப்பதன் வலியை நம் வீட்டுப் பாட்டிமார் சட்டநூல் படிக்காமலே அறிந்திருந்தனர்.

ஐரோப்பிய ஒன்றியம் இதற்கொரு வழி கண்டிருக்கிறது. 2004ஆம் ஆண்டின் 883ஆம் எண் ஒழுங்குவிதிப்படி, வேலையிழந்தவர் பொதுவாகத் தம் நாட்டில் நான்கு வாரம் பதிந்திருந்த பின், வேறோர் உறுப்பு நாட்டுக்குச் செல்லலாம். தம் நாட்டுத் தொகையை மூன்று மாதம் அங்கேயே பெறலாம். ஆறு மாதம் வரை நீட்டிக்கவும் இடமுண்டு. சென்ற ஏழு நாட்களுக்குள் அங்குள்ள வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிய வேண்டும். அவர் துணையைத் தேடிச் செல்கிறாரா, கடற்கரையைத் தேடிச் செல்கிறாரா என்பது அவ்விதிக்குப் பொருட்டன்று. தேடல் உண்மையானதாக இருக்க வேண்டும், அவ்வளவே. தொகை எல்லையைக் கடக்கும்போது தேடலும் உடன் கடக்கிறது.

இந்த அளவுகோலால் நம் பெண்ணை அளந்தால் வழக்குத் தெளிவாகிறது. அவள் சிங்கப்பூரில் வசிப்பது அன்று பிழை. பினாங்கில் தேடுவதாகச் சொல்வதே பிழை. அவள் ஜொகூரில் வேலை தேடியிருந்தால் என் தீர்ப்பு மாறியிருக்கும். இரு நாட்டையும் இணைக்கும் பாலத்தை நாள்தோறும் வேலைக்காகக் கடப்போர் எத்தனை ஆயிரம் பேர்! எல்லைக்கு அப்பால் உறங்குபவர் இப்பால் உழைக்க முடியாது என்று எவரும் சொல்ல மாட்டார்.

"யாருக்கும் தீங்கில்லாத பொய்தானே?" என்று ஒரு மாணவன் கேட்கலாம். வள்ளுவரைத் துணைக்கு அழைக்கவும் செய்வான். வாய்மை அதிகாரத்தில் பொய்க்கும் ஓர் இடம் உண்டென்பது உண்மையே. ஆனால் அந்த இடத்துக்குள் நுழையும் வாயில் மிகக் குறுகியது. விளையும் நன்மையில் குற்றத்தின் சாயலும் இருத்தல் கூடாது. நாளை கணவனிடம் செல்லும் இன்னொருத்தி உண்மையைச் சொல்லி விண்ணப்பிக்கும்போது, அதிகாரி ஐயத்தோடு பார்ப்பாரானால், அந்த ஐயத்தை விதைத்தவர் யார்?

அவளைத் திருடி என்று சொல்ல என் நா எழவில்லை. "இடம் பெயர்ந்துவிட்டேன், இங்கிருந்தே ஜொகூரில் தேடுகிறேன், ஏற்பீர்களா?" என்று அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கலாம் என்றே சொல்வேன். மறுத்திருப்பர் என்றால் நான்கு மாதத் தொகை, ஏறத்தாழ 4,200 ரிங்கிட், போயிருக்கும். வாடகை மிகுந்த நகரில் புதுக்குடித்தனம் தொடங்குபவர்க்கு அது சிறு தொகை அன்று. பேசுவது எனக்கு எளிது.

சிங்கப்பூரோ 2025 ஏப்ரலில்தான் வேலையிழந்தோர்க்கான தற்காலிக உதவியைத் தொடங்கியது. ஆறு மாதங்களில் 6,000 வெள்ளி வரை. கணவனைச் சார்ந்து வந்த மலேசியப் பெண்ணுக்காக அது வகுக்கப்படவில்லை. சமூகப் பாதுகாப்பு நலன்கள் எல்லை கடந்து செல்வது பற்றி ஆசியான் நாடுகள் 2022இல் ஓர் அறிக்கை வெளியிட்டன. ஐரோப்பாவில் உள்ளது போன்ற கட்டுப்படுத்தும் சட்டம் இங்கு இல்லை. எனவே அவள் எழுத வேண்டிய கடிதத்தைப் பெற்றுக்கொள்ளும் அதிகாரி நல்லவராகவே இருந்தாலும், அதற்கு என்ன விடை எழுதுவது என்று அவரும் சற்றே திகைக்கத்தான் செய்வார்.