முதலில் பல் டாக்டரைப் பாருங்கள்!

மூளையில் கட்டி. ஆபரேஷன் செய்து எடுத்தாயிற்று, கதிர்வீச்சும் கொடுத்தாயிற்று. கட்டி திரும்ப வந்துவிட்டது. கடைசி நம்பிக்கையாக ஒரு புதிய சிகிச்சையைத் தேடிப் போகிறீர்கள். டாக்டர் எல்லாப் படங்களையும் பார்த்துவிட்டு, 'முதலில் பல் டாக்டரிடம் போய் வாருங்கள்' என்கிறார்.

'கட்டி தலையில இருக்கு சார், பல்லை எதுக்குப் பார்க்கணும்?'

விளையாட்டில்லை. ஜெர்மனியில் மூளைக் கட்டிக்கு காந்தச் சிகிச்சை எடுத்துக்கொள்ள முன்வந்தவர்களுக்கு இதுதான் முதல் நிபந்தனை. சிகிச்சை நடக்கும் இடத்திலிருந்து 40 சென்டிமீட்டருக்குள் உலோகமே இருக்கக் கூடாது. பல்லில் அடைத்த வெள்ளி, மேலே மாட்டிய தொப்பி எல்லாவற்றையும் எடுத்தாக வேண்டும். காரணம், தலையைச் சுற்றிப் பாயப்போகும் காந்தப்புலம்.

உங்கள் வீட்டில் இண்டக்ஷன் அடுப்பு இருந்தால் விஷயம் சுலபமாகப் புரியும். மண் சட்டியை வைத்தால் அது அசையாது. இரும்புப் பாத்திரத்தை வைத்தால் இரண்டு நிமிஷத்தில் கொதிக்கும். நெருப்பே கிடையாது. காந்தப்புலம் இரும்பைத் தேடிப் பிடித்துச் சூடாக்குகிறது. இதே சங்கதியைக் கட்டிக்குள் செய்தால் என்ன?

இரும்பு ஆக்ஸைடு, அதாவது துருவுக்கு நெருங்கிய சொந்தம். அதை 12 நானோமீட்டர் அளவுக்குத் துகளாக்குகிறார்கள். ஒரு தலைமுடியின் தடிமனில் ஐயாயிரம் துகள்களை வரிசையாக நிறுத்தலாம், அவ்வளவு பொடி. மண்டையில் சின்னத் துளை போட்டு, இந்தத் துகள்கள் கலந்த திரவத்தைக் கட்டிக்குள் ஊசியால் செலுத்துகிறார்கள். பிறகு நோயாளியை ஒரு இயந்திரத்துக்குள் படுக்க வைத்தால், விநாடிக்கு ஒரு லட்சம் தடவை திசை மாறும் காந்தப்புலம் தலையைக் கடந்து போகும். துகள்களும் கூடவே திசை மாறி மாறித் தவிக்கும். அந்தத் தவிப்புதான் சூடு. கட்டிக்குள் 50 டிகிரியைக்கூடத் தாண்டும். அடுப்பில் பாத்திரம் சூடாகிற முறையும் இதுவும் நுணுக்கத்தில் வேறு வேறு. ஆனால் தத்துவம் ஒன்றுதான். வெளியிலிருந்து தொடாமல் உள்ளே சமைப்பது.

சூட்டை வைத்துப் புற்றுநோயை மடக்கும் ஆசை பழையது. 1890-களில் நியூயார்க்கில் வில்லியம் கோலி என்ற சர்ஜன், நோயாளிகளுக்கு வேண்டுமென்றே கிருமியைச் செலுத்திக் காய்ச்சல் வரவழைத்துப் பார்த்தார். 1957-ல் சிகாகோவில் கில்கிறிஸ்ட் என்ற டாக்டரும் சகாக்களும் நிணநீர் முடிச்சுகளைக் காந்தத் துகள்களால் சூடாக்கிப் பார்த்தார்கள். அதை மனித மூளை வரைக்கும் கொண்டுவந்தவர் பெர்லினைச் சேர்ந்த உயிரியலாளர் ஆந்த்ரேயாஸ் யோர்டான். அதற்காக உருவான கம்பெனியின் பெயர் மேக்ஃபோர்ஸ்.

பலித்ததா?

இங்கேதான் கதை சிக்கலாகிறது. கிளியோபிளாஸ்டோமா என்ற இந்தக் கட்டி, மூளைக் கட்டிகளிலேயே பொல்லாதது. நல்ல மூளைக்குள் வேர்விட்டுப் பரவும். எவ்வளவு கவனமாக வெட்டினாலும் மிச்சம் இருக்கும். திரும்ப வந்தவர்களில் 59 பேருக்குக் காந்தச் சூட்டையும் கதிர்வீச்சையும் சேர்த்துக் கொடுத்து, 2011-ல் முடிவை வெளியிட்டார்கள். கட்டி திரும்பிய நாளிலிருந்து கணக்கிட்டால் பாதிப் பேர் 13.4 மாதங்களைத் தாண்டியிருந்தார்கள். பழைய கணக்குகளில் இது சுமார் 6 மாதம்தான். இரட்டிப்பு! அதற்கு முன்பே, 2010-ல், ஐரோப்பாவில் இந்தச் சிகிச்சைக்கு அனுமதியும் கிடைத்துவிட்டது. மருந்தாக அல்ல, மருத்துவ சாதனமாக.

கைதட்டுவதற்கு முன்னால் ஒரு கேள்வி. இரட்டிப்பு என்றால், எதைவிட?

அந்த ஆய்வில் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு கிடையாது. வேறொரு காலத்தில், வேறொரு ஆய்வில் இருந்தவர்களுடன் ஒப்பிட்டார்கள். புதிய சிகிச்சைக்குச் சேர்ந்தவர்களோ ஓரளவு தெம்பாக இருந்தவர்கள், கட்டி ரொம்பப் பெரிதாக இல்லாதவர்கள். அவர்கள் நீடித்தது காந்தத்தாலா, தெம்பாலா? தெரியாது. 2019-ல் மூன்ஸ்டர் நகரிலிருந்து 6 பேரைப் பற்றி ஓர் அறிக்கை வந்தது. சிலருக்குத் துகள்களைச் சுற்றி வீக்கம் வந்து மறுபடி ஆபரேஷன் செய்ய வேண்டியிருந்தது. ஆனால் 2 பேருக்கு வேறு சிகிச்சை இல்லாமலே 23 மாதங்களுக்கு மேல் பலன் நீடித்தது. மறுபடி அதே பதில்தான். இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

இதற்கு நேர்மாறான ஒரு கதை சொல்கிறேன். இதே நோய்க்கு டெமோசோலமைட் என்ற மாத்திரை. 85 மருத்துவமனைகள், 573 நோயாளிகள். குலுக்கல் முறையில் ஒரு பாதிக்குக் கதிர்வீச்சு மட்டும், இன்னொரு பாதிக்குக் கதிர்வீச்சோடு மாத்திரையும். 2005-ல் முடிவு வந்தது. 12.1 மாதம், 14.6 மாதம். வித்தியாசம் இரண்டரை மாதம்! 'இவ்வளவுதானா?' என்று உதட்டைப் பிதுக்கத் தோன்றும். ஆனால் இரண்டு வருஷம் தாண்டியவர்கள் நூற்றுக்கு 10 பேரிலிருந்து 26 பேராக உயர்ந்திருந்தார்கள். யாரும் மறுக்க முடியாத கணக்கு. உலகம் முழுக்க அதுவே வழக்கமான சிகிச்சையானது.

குலுக்கலில் மாத்திரை கிடைக்காத அந்தப் பாதிப் பேரை நினைத்துப் பாருங்கள். சாகப்போகிற மனிதனிடம் போய், 'உனக்கு மருந்தா இல்லையா என்பதைச் சீட்டுப் போட்டுத்தான் முடிவு செய்வோம்' என்று சொல்வது தர்மமா? கேட்கவே கொடூரமாக இருக்கிறது. எல்லோருக்கும் கொடுத்துவிடுவதுதானே மனிதாபிமானம்?

எனக்கும் அப்படித்தான் தோன்றிக்கொண்டிருந்தது. இந்த இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த பிறகு தோன்றவில்லை. சீட்டுக்குச் சம்மதித்தவர்கள் பின்னால் வந்த லட்சக்கணக்கான முகம் தெரியாதவர்களுக்கு ஒரு பதிலை விட்டுப்போனார்கள். எல்லோருக்கும் கொடுத்த கதையில் பதிலே இல்லை.

நோயாளியைக் குறை சொல்லவில்லை. 1982-ல் விஞ்ஞானி ஸ்டீஃபன் ஜே கௌல்டுக்கு ஓர் அபூர்வப் புற்றுநோய். புத்தகங்களைப் புரட்டினால், பாதிப் பேர் 8 மாதத்தில் போய்விடுவார்கள் என்று இருந்தது. அவர் இன்னும் 20 வருஷம் வாழ்ந்தார். சராசரி என்பது தனி மனிதனின் ஜாதகம் இல்லை. நானாகவே இருந்தாலும் ஆதாரம் கேட்டுக்கொண்டு நிற்க மாட்டேன், பல் டாக்டரிடம்தான் ஓடுவேன். ஆதாரம் தேட வேண்டிய கடமை ஓடுகிறவனுக்கு இல்லை. 'வா' என்று கூப்பிடுகிறவனுக்கு.

2022-ல் மேக்ஃபோர்ஸ் திவால் மனு கொடுத்தது. நான் பி.காம். படித்தவன். திவால் என்றதும் புத்தி கடன் பட்டியலுக்குத்தான் போகும். கடன் கொடுத்தவர், சரக்கு கொடுத்தவர், சம்பள பாக்கி உள்ள ஊழியர் என்று வரிசையாக எழுதுவார்கள். முறைதான்.

அந்தப் பட்டியலில் 59 பேருக்கு இடமில்லை. அவர்கள் கொடுத்தது பணம் இல்லை. பல்லைக் கொடுத்தார்கள். இரும்புத் துகள் போன இடம் எம்.ஆர்.ஐ. படத்தில் இருட்டடித்துவிடும் என்பதால், கட்டி வளர்கிறதா என்று வழக்கம்போலப் படம் எடுத்துப் பார்க்கிற வசதியைக் கொடுத்தார்கள். மிச்சமிருந்த மாதங்களில் ஆறு தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரம், காந்தத்துக்கு நடுவில் படுத்திருந்தார்கள். அவர்களுக்குச் சேர வேண்டியது ஆயுள் இல்லை, அதை யாராலும் உத்தரவாதம் தர முடியாது. சேர வேண்டியது ஒரு பதில். 'நீங்கள் பட்ட பாட்டால் இது பலிக்கும் என்று தெரிந்துகொண்டோம்.' அல்லது, 'பலிக்காது என்று தெரிந்துகொண்டோம், இனி யாரும் பல்லைக் கழற்ற வேண்டாம்.' இரண்டில் எதுவாக இருந்தாலும் அது அவர்களுக்குச் சேர்ந்திருக்கும்.

காந்தத் துகள் ஆராய்ச்சி அதோடு நிற்கவில்லை. பல நாடுகளில் தொடர்கிறது. நாளைக்கே யாராவது சாதிக்கலாம், சாதிக்கட்டும். ஆனால் அடுத்த நோயாளியை பல் டாக்டரிடம் அனுப்புவதற்கு முன்னால், பழைய பாக்கியை யார் தீர்க்கப்போகிறார்கள் என்று யாராவது கேட்க வேண்டும்.